அண்ணல் அம்பேத்கர் சுமந்த கடன்

வெள்ளி விழா மலருக்கு அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று சங்கப் பொறுப்பாளர்கள் பணித்தபோது, எந்தப் பகுதியை எழுதுவது என்று சில நாள் யோசித்தேன். மகாடு குளப் போராட்டம், வட்டமேசை மாநாடு, அரசியலமைப்புச் சட்டம், நாகபுரியில் பௌத்தம் தழுவியது ஆகியவற்றை ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும் நம் மேடைகளில் கேட்டு வருகிறோம். அவற்றை நன்கு பேசக்கூடியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர் பட்ட கடனைப் பற்றி மட்டும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

இதற்குக் காரணமாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் பதினோராம் வகுப்பில் வந்து சேரவில்லை. குரங்கணிப் பக்கத்தில் இருந்த அவன் வீட்டுக்கு விசாரிக்கப் போனேன். ஏலத் தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவரிடம் அவன் தகப்பனார் முன்பணம் வாங்கியிருந்தார். அவர் நோயில் படுத்துவிட்டபடியால், அந்தப் பணத்தைக் கழிப்பதற்காக மகன் விடியற்காலையில் ஜீப் ஏறிக்கொண்டிருந்தான். தாயார் பெயரில் வாரத் தவணைக் குழுக் கடன் வேறு இருந்தது. வாங்கிய பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று கேட்டேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை கடன் இருக்கும்போது எங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பு எதற்கு என்று அந்தப் பையன் கேட்டான். அன்று எனக்கு விடை வரவில்லை. வீடு திரும்பிய பின், அண்ணலின் வரலாற்று நூல்களை அந்த ஒரு கேள்வியோடு மறுபடியும் புரட்டினேன்.

அண்ணலின் தந்தையார் ராம்ஜி சக்பால் படைப்பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் 50 ரூபாய் ஓய்வூதியம். அந்நாளில் அது சிறு தொகையன்று. ஆனால் பெரிய குடும்பம். 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று மாவ் நகரில் பிறந்த பீமராவ், அவருடைய பதினான்காவது குழந்தை. தாயார் பீமாபாய் இவரது சிறு வயதிலேயே மறைந்தார். பிற்பாடு குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த சாலில் ஒற்றை அறையில் வாழ்ந்தது. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அந்த ஓர் அறையில்தான். இரவில் மகனைச் சீக்கிரம் தூங்கச் சொல்லிவிட்டுத் தந்தை விழித்திருப்பார். இரண்டு மணி அளவில் மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார்.

பீமராவுக்குப் பாடப்புத்தகத்தோடு வேறு புத்தகங்களும் வேண்டியிருந்தன. அவர் கேட்டால் ராம்ஜி மறுப்பதில்லை. கையில் பணம் இல்லையென்றால் மணமாகிப் போன தம் இரு பெண்களின் வீட்டுக்குச் செல்வார். அவர்களிடமும் ரொக்கம் இல்லையென்றால், தாமே திருமணத்தில் போட்ட நகையொன்றை இரவலாகக் கேட்டு வாங்கி, மார்வாடி கடையில் அடகு வைத்துப் புத்தகத்தோடு திரும்புவார். ஓய்வூதியம் கைக்கு வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார். அடுத்த புத்தகத்துக்கு மீண்டும் அதே நடை.

கூர்ந்து பார்த்தால் இந்தக் கடனில் மூன்று விவரங்கள் புலப்படும். எதற்காக வாங்குகிறோம் என்பது தெரிந்திருந்தது. எந்த நாளில், எந்தப் பணத்திலிருந்து திருப்புவோம் என்பதும் தெரிந்திருந்தது. யாருடைய நகை அடகில் இருக்கிறது என்பதை ராம்ஜி ஒரு நாளும் மறக்கவில்லை. நம் பக்கத்தில் நகைக் கடன் இல்லாத வீடு குறைவு. ஏலம் போன பிறகே கடைசித் தேதி நினைவுக்கு வந்த வீடுகளையும் கண்டிருக்கிறேன்.

1907-இல் பீமராவ் மெட்ரிக் தேறினார். ஆசிரியர் கேளுஸ்கர் எடுத்துச் சொன்னதன் பேரில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். 1912-இல் பி.ஏ. பட்டம். 1913 பிப்ரவரி 2 அன்று தந்தையார் மறைந்தார். அதே ஆண்டில் மன்னர் மேற்படிப்புக்காக அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப முன்வந்தார். மூன்றாண்டுக்கு மாதம் 11½ பவுன். அதற்கு ஓர் ஒப்பந்தம்: படித்துத் திரும்பியதும் பரோடா அரசில் பத்து ஆண்டு பணியாற்ற வேண்டும். 1913 ஜூன் 4 அன்று அதில் கையெழுத்திட்டார். வாழ்நாளில் அவர் தலையில் ஏறிய முதல் பெரிய பொறுப்பு அதுவே.

நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. மிஞ்சியதில் பழைய புத்தகக் கடைகளைத் தேடித்தேடி ஏறத்தாழ 2,000 நூல்கள் வாங்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வயிற்றைச் சுருக்கி வாங்கிய நூல்கள் அவை. 1915-இல் எம்.ஏ. முடித்து, 1916-இல் ஆய்வேட்டையும் அளித்துவிட்டு இலண்டனுக்குப் போய்ப் பொருளாதாரக் கல்லூரியிலும், பாரிஸ்டர் படிப்புக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் பாதியில் திரும்ப நேர்ந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவர் தப்பினார்; மூட்டை முடிச்சுகளை ஏற்றி வந்த வேறொரு கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ரயில் மார்க்கமாக 1917 ஆகஸ்டு 21 அன்று பம்பாய் சேர்ந்தார். அந்த ரயில் நம் தமிழ் மண்ணைக் கடந்துதான் சென்றிருக்க வேண்டும். கப்பலில் மூழ்கிய பொருளுக்கு ஈடாகக் கிடைத்த 600 ரூபாயில் ஒரு பகுதியை வீட்டில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு பரோடா சென்றார்.

ஒப்பந்தப்படி உழைத்துக் கடனைத் தீர்க்கத்தான் போனார். உழைக்க விட்டார்களா? தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துப் பார்சிப் பெயரில் தங்கினார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வீசினார்கள். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை அன்று மாலைக்குள் வெளியேறச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் அடைக்கலம் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவரும் சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டனர். பம்பாய் ரயில் வரும் வரை நகரத்துப் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வயது, கொலம்பியாவில் படித்த பொருளாதார அறிஞர், அருகில் ஒரு பெட்டி. ஒப்பந்தத்தில் எழுதிய பத்தாண்டுப் பணி அத்துடன் முறிந்தது. உதவித்தொகை கடனாக மாறியது. பிற்பாடு பரோடா அரசு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதியது. கடனைத் தீர்க்கும் வழியை அடைத்துவிட்டுக் கடனைக் கேட்பது என்பது நம் மக்கள் அறியாத வழக்கமன்று.

பம்பாய்க்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். பங்கு வணிகம் செய்வோருக்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகர் இன்ன சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய்ச் சம்பளத்தில் பொருளாதாரப் பேராசிரியர் பதவி தற்காலிகமாகக் கிடைத்தது.

இளைஞர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 450 ரூபாய் என்பது அந்நாளில் பெரிய சம்பளம். நம்மில் ஒருவருக்கு அப்படியொரு வேலை அமைந்தால் முதலில் வீடு மாற்றுவோம். விசேஷங்களைப் பெரிதாக நடத்துவோம். அதற்காகவே புதுக் கடனும் வாங்குவோம். அண்ணல் பரேலில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய சாலின் இரண்டு அறைகளிலேயே இருந்தார். குடும்பச் செலவுக்கு இவ்வளவு என்று வரையறுத்து மனைவி ரமாபாயிடம் கொடுத்துவிட்டு, எஞ்சியதை இலண்டன் படிப்புக்கென்று சேர்த்தார். ஏறக்குறைய பதினாறு மாதம் இப்படி நடந்தது. சேமிப்பு போதவில்லை. கோல்காப்பூர் மன்னர் சாகு மகராஜ் 1,500 ரூபாய் உதவினார். கொலம்பியாவில் உடன் தங்கிய பார்சி நண்பர் நவல் பாத்தேனா 5,000 ரூபாய் கடன் தந்தார். விடுதியிலிருந்து விரட்டியவர்களும் பார்சிகள், நம்பிக் கடன் தந்தவரும் பார்சி என்பதை நினைவில் வைப்பது நல்லது. 1920 ஜூலையில் மீண்டும் கப்பல் ஏறினார்.

இலண்டனில் அவர் வாழ்ந்த வாழ்க்கை பலரும் அறிந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும். பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். மூடும் மணி அடிக்கும் வரை அங்கேதான். இரவில் பசி தாங்கவில்லையென்றால், குஜராத்தி நண்பர் ஒருவர் தந்த அப்பளத்தில் நான்கைத் தகரத் துண்டின்மேல் வாட்டித் தின்பார்.

அதிகம் அறியப்படாத செய்தி வேறொன்று. நாணய மாற்று நிலவரத்தை முன்கூட்டிக் கணக்கிட்டே அவர் கிளம்பியிருந்தார். 1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது. 1921-இல் அது ஒன்றேகால் ஷில்லிங் அளவுக்கு வீழ்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது ஷில்லிங் ஒரு பவுன். இரண்டு ஷில்லிங் வீதத்தில் 5,000 ரூபாய் 500 பவுன் ஆகும். ஒன்றேகால் ஷில்லிங் வீதத்தில் அதே 5,000 ரூபாய்க்கு 312 பவுன்தான் வரும். பம்பாயில் திருப்ப வேண்டிய கடன் குறையவில்லை. இலண்டனில் அதன் மதிப்பு மட்டும் கரைந்துவிட்டது. அவர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

1921 செப்டம்பரில் சாகு மகராஜுக்குக் கடிதம் எழுதினார். மாற்று வீதம் சரிந்ததால் திட்டம் குலைந்தது என்பதைச் சொல்லி, பாரிஸ்டர் கட்டணத்துக்கும் ஊர் திரும்பும் கப்பல் செலவுக்குமாக 200 பவுன் கேட்டார். அதையும் கடனாகவே கேட்டு, திரும்பி வந்ததும் வட்டியோடு செலுத்துவதாக எழுதினார். நவல் பாத்தேனாவுக்கும், மீண்டும் தொல்லை தருகிறேனே என்ற மன வருத்தத்தோடு எழுதினார். தன்மானத்தில் அவரை மிஞ்சியவர் எவர்? அப்படிப்பட்டவர், தேவை எவ்வளவு, எதற்கு, ஏன் குறைந்தது என்று ஒளிக்காமல் எழுதிக் கேட்டார். கடன்பட்டவர்கள் கடன் கொடுத்தவரைக் கண்டால் வேறு தெருவில் போவதும், வீட்டாரிடமே உண்மைத் தொகையை மறைப்பதும் நம்மிடையே பெரிய கேடு. மறைப்பதற்காக வாங்கும் இரண்டாவது கடனுக்குத்தான் வட்டி அதிகம்.

அந்த நாட்களில் அவர் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? ரூபாயைப் பற்றித்தான். இந்திய நாணயத்தின் மதிப்பு நிலையாக இல்லாமற்போனதற்கு ஆட்சியாளரின் நாணயக் கொள்கை எவ்வாறு காரணம், ரூபாய் மதிப்பிழந்து விலைவாசி ஏறும்போது கூலி பெறும் ஏழை எவ்வாறு நசுங்குகிறான் என்பதை அதில் ஆராய்ந்தார். ஆங்கில ஆட்சியைச் சாடிய பகுதிகளை மாற்றி எழுதும்படி தேர்வாளர்கள் சொன்னார்கள். கையில் பணம் தீர்ந்திருந்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் வந்து, அங்கிருந்தபடியே திருத்தி அனுப்பினார். அந்த ஆண்டிலேயே டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது, ‘ரூபாயின் பிரச்சினை’ நூலாகவும் வந்தது. பேராசிரியர் எட்வின் கேனன் அதற்கு முன்னுரை எழுதினார். 1925-26-இல் இந்தியாவுக்கு வந்த நாணய விசாரணைக் குழுவின் முன் அண்ணல் சாட்சியமும் அளித்தார். ரிசர்வ் வங்கியையே அவர்தான் உண்டாக்கினார் என்று சில மேடைகளில் சொல்லப்படுவது மிகை. உள்ளதைச் சொன்னாலே அவர் பெருமைக்குப் போதும். அந்த நூலைத் தம் கல்விக்காகத் தியாகம் செய்த தாய் தந்தையரின் நினைவுக்கு உரிமையாக்கினார். அதைப் படித்தபோது எனக்கு அந்த அடகுக் கடை நினைவுக்கு வந்தது.

பாரிஸ்டர் பட்டம் பெற்றும், வழக்காட அனுமதிச் சான்று பெறுவதற்கு வேண்டிய பணம் அவரிடம் இல்லை. அதற்கும் நவல் பாத்தேனாவே உதவினார். தொடக்கத்தில் வழக்குகள் அதிகம் வரவில்லை. 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் கற்பித்தே குடும்பத்தை நடத்தினார்.

தாமே கடனில் உழன்றவர் என்பதால், மக்களைக் கட்டிப்போடும் கடனை அவர் எளிதில் அடையாளம் கண்டார் என்பது என் எண்ணம். மராட்டிய நாட்டில் மகார் மக்களுக்கு வதன் என்னும் சிறு நிலமானியம் இருந்தது. அந்தத் துண்டு நிலத்துக்காக அவர்கள் இரவு பகல் பாராமல் கிராம அதிகாரிகளுக்கு ஏவல் செய்ய வேண்டும். வதன் நமக்குக் கிடைத்த உரிமை என்று மகார்களில் பலரே பெருமைப்பட்டார்கள். அண்ணல் அதைத் தளை என்றார். 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அதைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். 1937-இல் கொங்கணத்துக் குத்தகையாளரை வாட்டிய கோத்தி முறையை ஒழிக்க மற்றொரு மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் அதற்காகப் பம்பாய்ச் சட்டமன்றம் நோக்கிப் பேரணி நடத்தினர். வதன் முறையை ஒழிக்கும் சட்டம் 1958-இல்தான் வந்தது. அதைக் காண அவர் இல்லை. 1956 டிசம்பர் 6 அன்றே மறைந்துவிட்டார்.

நம் மலைச்சரிவுகளுக்கு வதன் என்ற பெயர் புதிது, பொருள் பழையது. காப்பித் தோட்டமும் ஏலத் தோட்டமும் வந்த காலத்திலிருந்து கங்காணி கொடுத்த முன்பணம் இதே வேலையைச் செய்திருக்கிறது. திருவிழாவுக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய சிறு தொகை, ஆண்டு முழுவதும் வேறிடத்தில் நல்ல கூலி கிடைத்தாலும் போக முடியாமல் பிடித்து வைக்கும். அண்ணல் வரைவுக் குழுத் தலைவராக இருந்து உருவான அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு, வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. அந்த அடிப்படையில் 1976-இல் வந்த கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. அத்தகைய கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் அச்சட்டத்தால் அற்றுப்போகிறது. மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டமும் உண்டு. இவற்றை அறிந்த பிறகே, மேலே சொன்ன மாணவனின் வீட்டுக்கு நான் இரண்டாம் முறை போனேன். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துச் சென்றோம். முன்பணம் எவ்வளவு, வேலை செய்த நாள் எத்தனை, பிடித்தம் எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுத வைத்தோம். எழுதி முடிக்க இரண்டு மாலை ஆயிற்று. கணக்கோடு போய் நின்றபோது ஆள் சேர்ப்பவர் குரல் உயரவில்லை. மறு ஆண்டு ஜூனில் பையன் பள்ளிக்கு வந்தான்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. அண்ணல் இலண்டனில் பட்டினியை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், பரேல் அறைகளில் அந்தக் கடனின் மறுபாதியைச் சுமந்தவர் ரமாபாய். கணவர் விட்டுச் சென்ற சிறு தொகையில் பெரிய குடும்பத்தை அவர் நடத்தினார். பெற்ற பிள்ளைகள் ஐவரில் நால்வரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். கடைசி மகன் ராஜரத்னம் 1926 ஜூலையில் மறைந்தான். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். அண்ணல் உயர்ந்த கதையைச் சொல்லும்போது இந்த விலையையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பேன். நம் வீடுகளிலும் ஒரு பையன் படிப்பதற்காகத் தாயோ தமக்கையோ ஜீப் ஏறுகிறாள்.

வருமானம் சீரான பின்பு அண்ணல் தாதரில் ராஜகிருகம் என்னும் வீட்டைப் புத்தகங்களுக்கென்றே இடம் வகுத்துக் கட்டினார். ரமாபாய் அதில் வாழ்ந்தது சொற்ப காலமே. 1935 மே 27 அன்று அவர் கண்மூடினார். 1940-இல் பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய நூலை அண்ணல் தம் ராமுவின் நினைவுக்கு உரிமையாக்கினார். நண்பரும் பணமும் இல்லாத நாட்களில் தம்மோடு சேர்ந்து அவர் பட்ட துன்பத்தை அதன் முதல் பக்கத்தில் பதிவு செய்திருக்கிறார்.